தண்ணீருக்கு ஒருவழிப் பாதை போட்டவள்

நாற்சந்தியின் நடுவில் இருக்கும் வட்ட மேடையில் அவள் ஏறி நின்றுவிட்டால் லாரி ஓட்டுநர்கள்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். வலது கையை நீட்டினால் ஒரு சாலை உறைந்து நிற்கும். இடது கையை மடக்கினால் இன்னொரு சாலை உயிர்பெற்று ஓடும். விசிலை அவள் அதிகம் ஊதுவதில்லை. கண்ணாலேயே ஊதிவிடுவாள் என்று டாக்சிக்காரர்கள் சொல்வார்கள். போக்குவரத்துக் காவலில் சேர்ந்த நாள் முதல் அவளுக்கு அதே சந்திதான். கடைத்தெரு முழுவதற்கும் அவள் சிக்னலம்மா. வீட்டில் கணவருக்கு மட்டும் ஆபீசரம்மா.

அப்படிப்பட்டவள் ஒரு விடுமுறை நாளின் காலையில், வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னால் மண்டியிட்டு, முழங்கை வரை உப்புத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, "உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவள் கெஞ்சியது ஒரு பவளத்திடம்.

தொட்டி அவளுடையதல்ல, அவளுடைய அக்காவுடையது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் உருப்பெருக்கிக்குள் கண்ணைப் புதைத்திருக்கும் அக்கா, மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். துணைக்கு ஒரு கடலை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டாள் என்று உறவுக்காரர்கள் கேலி பேசுவார்கள். கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், வெண்மணல், துளைதுளையான பாறைகள், இரண்டு கோமாளி மீன்கள். பாறையின் உச்சியில் அந்த உயிருள்ள பவளம், 'டார்ச்' என்ற வகை. ஒரே தண்டிலிருந்து மூன்று கிளைகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பச்சை விரல்கள் கொத்தாக நீளும். விரல் நுனிதோறும் பொன்னிறத்தில் ஒரு பொட்டு. நகத்தளவு துண்டாக வாங்கி வந்ததை வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தாள் அக்கா.

விதி எங்கே காத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மழை பெய்த ஒரு மாலை, தன் வீட்டு மாடிப்படியிலேயே அக்கா வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நடை பழக்கும் சிகிச்சை இல்லத்தில் சேர்த்தார்கள். இனி கொஞ்ச காலத்துக்கு மாடி ஏறவே கூடாது என்றார் மருத்துவர். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவள் முதலில் கேட்டது தன் காலைப் பற்றி அல்ல.

"தொட்டியை என்னடீ பண்றது?"

"என் வீடு தரைத்தளம்தானேக்கா. நான் பாத்துக்கறேன்" என்றாள் தங்கை.

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அது தங்கையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏனென்று அவளுக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் அக்கா வெளியூர் போனபோது, பால்கனிப் பூச்செடிகளை இவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் சருகு. "உனக்கு நிக்க வைக்கவும் ஓட வைக்கவும்தான் தெரியும். உன்னை நம்பி ஒரு உயிரை விட முடியாது" என்று அன்றைக்கு அக்கா சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்ன சொல்தான் ஆறாமலே கிடந்தது.

இப்போது வேறு வழியில்லாமல் அக்கா தலையாட்டினாள். இந்த ஒரு பவளத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று தங்கை மனசுக்குள் வைராக்கியம் எடுத்துக்கொண்டாள்.

கலர்மீன் கடைக்காரர் ஆட்களோடு வந்து தொட்டியை இடம் மாற்றிக் கொடுத்தார். தொட்டியைத் துடைத்து, பாறைகளை அடுக்கி, பழைய தண்ணீரையே திரும்ப ஊற்றினார். அவர் கண் மட்டும் அடிக்கடி பவளத்தின் மேல் போய் வந்தது.

"இது மாதிரி ஒண்ணு என் கடையிலகூட இல்லை மேடம்" என்றார் ஏக்கமாக. பிறகு வாளியிலிருந்து இரண்டு சின்னப் பம்புகளை எடுத்துக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டைகள். ஒரு பக்கம் விசிறி, பின்பக்கம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ரப்பர் குமிழ்கள். "இதுதான் வேவ்மேக்கர். உள்ளே அலை அடிக்க வைக்கறது இதுதான். எங்கே மாட்டட்டும்?"

"அக்கா வீட்டுல எங்கே இருந்துச்சு?"

"கழட்டினது பையன்கள் மேடம், நான் பாக்கலையே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எத்தனை முறை அந்த வீட்டுக்குப் போயிருப்பாள்! சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, 'மீனெல்லாம் சௌக்கியமா?' என்று கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். ஒருநாள்கூட அந்தத் தொட்டிக்குள் உற்றுப் பார்த்ததில்லை. அதை இந்தக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

"வச்சுட்டுப் போங்க. ஓட்டத்தை ஒழுங்குபடுத்தறது எனக்குக் கைவந்த வேலை" என்றாள்.

அவர்கள் போனதும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சந்தியைப் பார்ப்பது போலத் தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் ஒரே திசையில் ஓட வேண்டும். எதிரும் புதிருமாக வந்தால் விபத்துதான். இரண்டு பம்புகளையும் இடதுபக்கக் கண்ணாடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினாள். இரண்டும் வலதுபக்கம் பார்த்தபடி, நூல் பிடித்தாற்போல நேராக. மின்சாரம் கொடுத்ததும் தண்ணீர் இடமிருந்து வலமாகப் பாய்ந்தது. பாறையின் உச்சி அந்தப் பிரதான சாலையின் மேலேயே இருந்தது. பவளத்துக்கு நல்ல ஓட்டம் கிடைக்குமல்லவா?

கணவர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் ரொட்டி அடுமனையில் அடுப்படி வேலைக்காரர். விடியுமுன்னே போய், மதியத்துக்கு வீடு திரும்பி, ஒரு தூக்கம் போட்டு எழுபவர். புருவத்தில்கூட மாவு இருக்கும்.

"மீன் ரெண்டும் ஏன் ஒரே இடத்துல நின்னுக்கிட்டு நீந்துது?" என்றார்.

கோமாளி மீன்கள் இரண்டும் ஓட்டத்தை எதிர்த்து மூச்சுமுட்ட நீந்திக்கொண்டிருந்தன. ஓர் அங்குலம்கூட முன்னேறவில்லை.

"உடற்பயிற்சி" என்றாள் அவள்.

"ஓ! அதுங்களுக்கும் தொப்பைன்னு சொல்லிட்டியா?" என்று தன் வயிற்றைத் தடவிக்கொண்டே அவர் உள்ளே போய்விட்டார்.

பவளம் அன்று விரியவில்லை. மறுநாளும் விரியவில்லை. இடம் மாறிய களைப்பாக இருக்கும் என்று நினைத்தாள். நாட்கள் போகப் போக அந்தப் பச்சை விரல்கள் கொட்டைப் பாக்களவுக்குச் சுருங்கிக்கொண்டன. காற்றோட்டம் போதாத அறையில் மனிதருக்கு மூச்சுத் திணறுவது போல, ஓட்டம் போதவில்லையோ? பம்பின் வேகத்தைக் கூட்டினாள். இன்னும் சுருங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கிளையின் சதை பிய்ந்து, உள்ளேயிருந்து வெள்ளை எலும்பு எட்டிப் பார்த்தது. சில நாளில் அந்தக் கிளை முழுவதும் வெறும் சுண்ணாம்புக் கூடாயிற்று.

அன்று அவள் அடுக்களையில் முகத்தைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். தண்ணீர் முகத்திலிருந்து வழிகிறதா, கண்ணிலிருந்தா என்று கணவர் கேட்கவில்லை. துண்டை மட்டும் நீட்டினார்.

மாலையானால் அக்காவின் தொலைபேசி வந்துவிடும்.

"விரிஞ்சுதாடீ?"

"ம்... விரியுதுக்கா."

"பம்பெல்லாம் முன்னாடி மாதிரிதானே வச்சிருக்கே?"

"ம்."

முன்னாடி எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் கேட்டால், இத்தனை வருடம் நீ என் வீட்டுக்கு வந்து என்னத்தைப் பார்த்தாய் என்று அக்கா கேட்க மாட்டாளா? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து தங்கை பொய்க்கு மேல் பொய்யாக 'ம்' போட்டாள்.

ஒருநாள் அக்கா பெருமூச்சு விட்டாள். "நீ 'ம்' போட்டா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? இங்கேயிருந்து என்னை அனுப்பற அன்னைக்கு நேரா உன் வீட்டுக்குத்தான் வரப்போறேன். அன்னைக்குக் கடைக்காரரையும் வரச் சொல்லியிருக்கேன். அது நல்லா விரிஞ்சிருந்தா உன் வீட்டுலயே இருக்கட்டும். சுருங்கிக் கிடந்தா அவரோட அனுப்பிடலாம். எங்கேயாவது உயிரோட இருந்தா போதும். கோபம் இல்லைடீ, சும்மா சொல்றேன்."

கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். 'எங்கேயாவது' என்ற அந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தால் பிழைக்கும். தன்னிடம் இருந்தால் செத்துப்போகும்! இருபக்கமும் வண்டிகள் சீறும் சந்தியில் ஓர் ஊரையே பத்திரமாகக் கடக்க வைப்பவளுக்கு இந்தத் தீர்ப்பா?

இந்தச் சமயத்தில்தான் ஒரு விநோதம் தொடங்கியது.

மேலே இருந்த பம்பின் ரப்பர் குமிழ்கள் பழசாகிவிட்டிருந்தன. அவள் மாலையில் வீடு திரும்பும்போது அது கண்ணாடியிலிருந்து பாதி நழுவி, வாலறுந்த பட்டம் போலக் கோணிக்கொண்டு நிற்கும். அந்நேரத்துக்குத் தொட்டியின் விளக்கு அணைந்திருக்கும். விளக்கு அணைந்தால் பவளம் தன் வழக்கப்படியே ஒடுங்கிவிடும். அவள் கை நனைத்து பம்பை அழுத்தி ஒட்டி, நேராக்கிவிடுவாள். காலையில் விளக்கு எரியுமுன்னே பணிக்குக் கிளம்பும்போதும் ஓர் அழுத்து. கோணலாக நிற்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா போக அவளால் முடியாது.

"இன்னைக்கு உன் பவளம் ஆடிக்கிட்டு இருந்துச்சு" என்றார் கணவர் ஒருநாள்.

"கிண்டல் பண்ணாதீங்க."

"சத்தியமா. மத்தியானம் எழுந்து பாத்தேன். ரெண்டு கிளையும் இவ்வளவு நீளம்!" என்று அவர் விரலை நீட்டிக் காட்டினார்.

வார விடுமுறை நாளில் அவள் தொட்டியை விட்டு நகராமல் உட்கார்ந்தாள். பம்பு நழுவ நழுவ நேராக்கினாள். நாள் முழுக்க விளக்கு எரிந்தும் பவளம் சுருங்கியே கிடந்தது. மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். "இன்னைக்கும் ஆடுச்சு" என்றார் கணவர். படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அவருடைய கைபேசியின் கேமராவுக்குள் மாவு புகுந்து எத்தனையோ காலம். வந்த படத்தில் பிசைந்த மாவு போல ஏதோ ஒன்று பச்சையாகத் தெரிந்தது.

"இது பவளமா, பழைய ரொட்டியா?"

"நேர்ல வந்து பாரு. ஆனா நீ இருந்தா அது விரியாது போல. உன் விசிலுக்குப் பயந்துதான் சுருங்குதுன்னு நினைக்கிறேன்."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. நான் வீட்டில் இருந்தால் சுருங்குகிறது. நான் போனால் விரிகிறது. அக்கா சொன்னது உண்மைதானா? ஓர் உயிர் என்னைக் கண்டு ஒடுங்கும் அளவுக்கு என் கையில் என்ன கொடூரம் இருக்கிறது?

அவள் அன்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் துக்கத்துக்கு அடியிலிருந்து வேறொன்று மெல்லத் தலைதூக்கியது. அது காவல்காரியின் சந்தேகம். விபத்து நடந்த இடத்துக்குப் போய் நின்றால் அவளுக்குச் சமாதானங்கள் செல்லாது. பயந்து சுருங்குகிறதாம்! கண்ணும் காதும் இல்லாத பிராணிக்கு ஆபீசரம்மா வந்தது எப்படித் தெரியும்? ஏதோ ஒன்று மாறுகிறது. நான் இருக்கும்போது ஒரு மாதிரி, இல்லாதபோது வேறு மாதிரி. அது என்ன?

"நாளைக்கு அது விரிஞ்ச உடனே எனக்குப் போன் பண்ணுங்க. தொட்டிகிட்டப் போகாதீங்க, எதையும் தொடாதீங்க."

"உத்தரவு ஆபீசரம்மா. சுத்தி கயிறு கட்டிடட்டுமா?"

மறுநாள் காலை நெரிசலும் மாலை நெரிசலும் இல்லாத அந்த இடைவேளையில் அழைப்பு வந்தது. பக்கத்துச் சந்திக்காரரிடம் சொல்லிவிட்டு, சீருடையோடு ஓடிப்போய் ஒரு டாக்சியில் ஏறினாள்.

"யாரைப் பிடிக்கப் போறோம் மேடம்?" என்று உற்சாகமாகக் கேட்டார் டாக்சிக்காரர்.

"ஒரு பவளத்தை."

"பவள மாலைத் திருட்டு கேஸா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!"

வழியில் ஒரு விளக்கு மஞ்சளானது. டாக்சிக்காரர் ஒழுங்காக வண்டியை நிறுத்தினார். வாழ்க்கையில் முதன்முறையாக, அந்த மஞ்சள் விளக்கை மனசாரச் சபித்தாள் சிக்னலம்மா.

வீட்டுக் கதவருகே காலணியைக் கழற்றிவிட்டு, திருடியைப் போல மெல்ல உள்ளே வந்தாள். கணவர் வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

ஐயோ, அந்தக் காட்சி! உயிரோடு எஞ்சிய இரண்டு கிளைகளும் முழுசாக விரிந்திருந்தன. பச்சை விரல்கள் நீண்டு நீண்டு ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்தன. ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு வலப்பக்கம், பிறகு மேலே, பிறகு எதற்கோ தலையாட்டுவது போல ஒரு சுழல். எந்த அசைவும் முந்தைய அசைவைப் போல இல்லை. அவள் வந்து நின்றாள், மூச்சு விட்டாள், கண்ணாடியில் மூக்கு ஒட்டும்வரை குனிந்தாள். அது சுருங்கவில்லை!

"என்னைப் பாத்துப் பயப்படலைங்க" என்றாள்.

அப்போதுதான் அவள் கண் பம்பின் மேல் விழுந்தது. வழக்கம் போல நழுவி, பக்கவாட்டில் திரும்பி, முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. பழக்கம் விடுமா? சட்டையின் கை தானாக மேலேறியது. விரல்கள் தண்ணீருக்குள் போய், பம்பைப் பிடித்து, நேராக்கி, அழுத்தின.

அவள் கண்ணெதிரே பச்சை விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்தன. புயலில் குடை பிடிப்பவரைப் போலத் தவித்தன. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன.

அவள் கை தண்ணீருக்குள்ளேயே உறைந்து நின்றது. பயம் விசிலைக் கண்டு அல்ல. இந்தக் கையைக் கண்டும் அல்ல. இந்தக் கை நேராக்கிய ஓட்டத்தைக் கண்டு!

"நான்தாங்க" என்றாள். "தினமும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நானே அதைச் சாகடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"அழறதை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல அதை மறுபடியும் கோணலாக்கு" என்றார் கணவர்.

கோணலாக்கினாள். காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு விரல் தயங்கித் தயங்கி வெளியே வந்தது.

அன்று மாலை நெரிசலில் மேடையில் நின்றபோதும் அவள் நினைப்பெல்லாம் தொட்டியிலேயே இருந்தது. மேற்கேயிருந்து காற்று தூசியோடு முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. வழக்கம் போல அவள் அடிக்கடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சட்டென்று பொறி தட்டியது. எனக்குத் திருப்பிக்கொள்ள முகம் இருக்கிறது. மேடையிலிருந்து இறங்கவும் முடியும். பாறையில் ஒட்டியே பிறந்து, ஒட்டியே வாழும் ஒன்று ஒரே பக்கமிருந்து அடிக்கும் காற்றை எப்படித் தாங்கும்? அதற்குச் சோறும் மூச்சும் தண்ணீரில்தான் வர வேண்டும். ஒருமுறை இந்தப் பக்கமிருந்து, ஒருமுறை அந்தப் பக்கமிருந்து, நடுநடுவே சற்று ஓய்வு கொடுத்து. கடலில் யார் ஒருவழிப் பாதை போட்டார்கள்?

அதற்குப் பிறகு அவளைப் பிடித்துக்கொண்ட ஆர்வத்தை என்னவென்று சொல்வது! விடுமுறை நாளில் மீன் தீனியை நுணுக்கித் தூவி, ஒவ்வொரு துகளும் எங்கே போகிறது என்று வண்டியைப் பின்தொடர்வது போலக் கண்ணால் பின்தொடர்ந்தாள். பாறைக்குப் பின்னால் ஒரு மூலையில் துகள்கள் போய் விழுந்து அசையாமல் கிடந்தன. அங்கே பழுப்பு அழுக்கு மெத்தை போலப் படிந்திருந்தது. தன் நேர்த்தியான சாலைக்குப் பின்னால் இப்படி ஒரு குப்பைமேடு இருந்ததே அவளுக்குத் தெரியாது.

ஒரு பம்பை வலதுபக்கத்துக்கு மாற்றி, இரண்டையும் எதிரெதிராக வைத்தாள். இரண்டு ஓட்டங்களும் நேருக்கு நேர் வந்து நடுவில் மோதின. எவருக்கும் காயமில்லை! மோதிய தண்ணீர் உடைந்து, சுருண்டு, மேலும் கீழும் சிதறியது. ஆனால் வேகம் அதிகமாகி அடிமணல் பறந்து ஒரு பக்கம் குன்றாகக் குவிந்தது. மறுபக்கம் வெறும் கண்ணாடி பல்லிளித்தது.

"மாவை இப்படிப் பிசைஞ்சா எங்க மேஸ்திரி என்னை அடுப்புலயே போட்டுருவார்" என்றார் கணவர்.

வேகத்தைக் குறைத்தாள். பம்புகளைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பினாள். மோதல் பாறைக்கு மேலே, தண்ணீர்ப் பரப்புக்குச் சற்றுக் கீழே போனது. மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் போல இருந்த மங்கல் கிழிந்து, தண்ணீர் சிலிர்த்தது. மூலையில் கிடந்த அழுக்கு எழுந்து நகர்ந்தது. கோமாளி மீன்கள் முதன்முறையாக ஊர்சுற்றக் கிளம்பின. ரப்பர் குமிழ்களைப் புதிதாக மாற்றினாள். கோணலை நிலைநிறுத்தப் புதுக் குமிழ் வாங்கிய போலீஸ்காரி இவளாகத்தான் இருப்பாள்.

பவளம் விரிந்தது. ஆனால் செத்த கிளை செத்ததுதான். மூன்று கிளைகளில் ஒன்று வெள்ளை எலும்பாக எல்லாருக்கும் தெரியும்படி நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா வரும் நாளின் காலையில் கணவர் குறடோடு வந்தார். "அதை மட்டும் நறுக்குனு உடைச்சு எடுத்துடட்டுமா? ரெண்டுதான் இருந்துச்சுன்னு சொல்லிடலாம்."

"அவ வளத்தது. எத்தனை கிளைன்னு அவளுக்குத் தெரியாதாங்க?"

"உன் அக்கா மனசு கஷ்டப்படுமேன்னு பாத்தேன்."

"படட்டும். நான் 'ம்' போட்டது போதும்."

கடைக்காரர் மூடி போட்ட வாளிகளோடு முதலில் வந்துவிட்டார். சற்று நேரத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி, ஒரு மூச்சு, ஓர் அடி, ஒரு மூச்சு என்று அக்கா உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். தங்கையைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போனாள்.

அக்காவின் கண்கள் பச்சை விரல்களின் மேல் வெகுநேரம் நின்றன. பிறகு வெள்ளைக் கிளைக்கு வந்தன. கண்ணாடியின் மேல் அந்த இடத்தில் ஒரு விரலை வைத்தாள்.

"இது எப்போ?"

"நான் பம்பை நேரா வச்சப்போக்கா. ரெண்டையும் ஒரே பக்கமா, முழு வேகத்துல. அது வேண்டாம் வேண்டாம்னு சுருங்குச்சு. எனக்குப் புரியலை. உன்கிட்ட விரியுதுன்னு பொய் சொன்னேன்."

"எப்படி வைக்கணும்னு என்கிட்டக் கேட்டிருக்கலாமேடீ?"

"கேட்டா, உன் வீட்டுக்கு வந்து வந்து போனவ இந்தத் தொட்டியை ஒருநாள்கூடப் பாத்ததில்லைன்னு உனக்குத் தெரிஞ்சிடுமேக்கா!"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. சந்தியையே நிறுத்தும் அந்தக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அவள் விம்மினாள். கடைக்காரர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வாளிக்குள் பார்த்தார்.

"அது எனக்கு எப்பவோ தெரியும், பைத்தியமே" என்றாள் அக்கா. அவள் கண்ணிலும் நீர் கோத்திருந்தது. "இங்கே பாரு. கையை எடு. எனக்கு ஒண்ணு புரியலை, அதைச் சொல்லு. என் வீட்டுல ரெண்டு பம்பும் பின்னாடிக் கண்ணாடியில ஒட்டியிருக்கும், தண்ணி முன்கண்ணாடியில போய் முட்டித் திரும்பும். நீ ஏன் ஒண்ணையொண்ணு பாக்க வச்சிருக்கே?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ உன் வீட்டுல இப்படி இல்லையா?"

"இல்லையே! இப்படி வைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை. முட்டிக்கிட்டா என்ன ஆகுது?"

அக்கா அவளிடம் கேட்கிறாள்! உருப்பெருக்கிக்குள் உலகத்தையே பார்த்த அக்கா தன்னிடம் விளக்கம் கேட்கிறாள்! தங்கை நிமிர்ந்து நின்று, சந்தியில் நிற்பது போலவே இரண்டு கைகளையும் விரித்தாள். "இது இங்கேயிருந்து வருதுக்கா. அது அங்கேயிருந்து வருது. ரோட்டுல இப்படி வந்தா நான் விட மாட்டேன். ஆனா தண்ணி மோதினா எதுவும் உடையறதில்லை, சுத்தி எல்லாப் பக்கமும் பிரிஞ்சு போகுது. ஒரு தடவை இது ஜெயிக்கும், ஒரு தடவை அது ஜெயிக்கும். அதான் விரல் எல்லாம் அப்படி மாத்தி மாத்தி ஆடுது."

"ஏன் ஒரு தடவை இதுவும் ஒரு தடவை அதுவும்? ரெண்டும் ஒரே வேகம்தானே?"

"அதுதான் எனக்கும் இன்னும் புரியலை."

"மீன் குறுக்கே போறதாலயா?"

"இருக்கலாம். இல்லே, பாறையில பட்டுத் திரும்பற தண்ணியாலயோ?"

இரண்டு தலைகளும் கண்ணாடியின் முன்னால் ஒன்றாகக் குனிந்தன. கணவர் ஓசைப்படாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அக்காவின் பின்னால் போட்டார். கண்ணை எடுக்காமலே அவள் அதில் மெல்ல உட்கார்ந்தாள்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "பெரிய மேடம்... வாளி?"

"மன்னிச்சுக்கோங்க தம்பி, உங்களை வீணா அலைய வச்சுட்டேன். அது இங்கேயே இருக்கட்டும்" என்றாள் அக்கா. "அவ பாத்துக்குவா."

கடைக்காரர் பவளத்தை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு வாளிகளை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர், என்ன நினைத்தாரோ, வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து அவர்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"வலதுபக்கத்துப் பம்பைக் கொஞ்சம் இறக்கிப் பாரேன்" என்றாள் அக்கா. "எனக்குக் கை எட்டாது."

தங்கை சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டாள்.

"இவ்வளவு?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்போ?"

"ஐயோ, ரொம்ப இறக்கிட்டே. உனக்கு எதுலயுமே நிதானம் கிடையாதுடீ."

"நீ சொல்றதை எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்!"

"சண்டை போடாம திருப்பு. மெல்ல... மெல்ல... அங்கேதான். கையை எடுக்காதே, அப்படியே வச்சுக்கோ. பாரு, பாரு, உன் கை பக்கத்துல இருக்கும்போதே விரியுது."